கால்துடுப்பு: வேகம் ஒன்றே அளவுகோலா?

மீனுக்கு வாலும், ஆமைக்குத் துடுப்பும், வாத்துக்குச் சவ்வுப் பாதமும் பிறவியிலேயே வாய்த்தவை. அவற்றுள் எதுவும் தன் துடுப்பைக் கடையில் தேர்ந்தெடுப்பதில்லை. மனிதன் மட்டுமே ஒரு துடுப்பை விலை கொடுத்து வாங்கி, காலில் மாட்டிக்கொண்டு நீருக்குள் இறங்குகிறான். ஆகவே தனக்குப் பொருந்தாத துடுப்புடன் நீருக்குள் இறங்கக்கூடிய ஒரே உயிரும் அவன்தான்!

முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீரடியில் நீந்தும் கலையை ஸ்கூபா முக்குளிப்பு என்கிறோம். இதற்கு வேண்டிய கருவிகளுள் மிக எளியதாகத் தோன்றுவது கால்துடுப்புதான். பேச்சு வழக்கில் இதைப் 'பின்ஸ்' என்பார்கள். திருகாணி இல்லை, மானி இல்லை, நகரும் உறுப்பு எதுவும் இல்லை. பாதத்தை நுழைக்க ஒரு கூடு, அதன் முன்னே நீண்ட ஓர் இதழ், அவ்வளவே. ஆனால் இந்த எளிய கருவியைச் சுற்றி எழுந்துள்ள வாக்குறுதிகளோ ஏராளம். 'திமிங்கிலத்தின் வாலைப் போன்றது', 'ஜெட் விமானத்தின் தத்துவத்தில் இயங்குவது', 'சோதனையில் முதலிடம் பெற்றது' என்றெல்லாம் விளம்பரங்கள் கூறுகின்றன. இவற்றுள் எவ்வளவு உண்மை? எந்த அளவுகோலைக் கொண்டு ஒரு துடுப்பை மதிப்பிட வேண்டும்? இக்கட்டுரையில் துடுப்புகளையும், அவற்றை மதிப்பிடும் முறையையும் ஆராய்வோம்.

பாதம் ஏன் போதவில்லை?

நம் பாதம் நிலத்தில் நிற்பதற்காக அமைந்தது. காலுக்குச் செங்குத்தாகத் திரும்பி நிற்பதும், பரப்பில் சிறியதாக இருப்பதும் நடைக்கு நன்மை, நீச்சலுக்குக் குறை. தரையில் நாம் காலை ஊன்றி உந்தும்போது தரை நகர்வதில்லை. நீரில் உதைக்கும்போது நீர் நழுவிப் பின்னால் ஓடுகிறது. அவ்வாறு பின்னால் தள்ளப்படும் நீரின் எதிர்விசைதான் நம்மை முன்னே செலுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நீச்சல் முழுவதும் அவ்விதியின் விளக்கமே.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒவ்வொரு வினாடியும் 10 கிலோகிராம் நீரை, வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னுக்குத் தள்ளுகிறார் எனக் கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் உந்துவிசை 10 × 2 = 20 நியூட்டன். அந்த நீர் எடுத்துக்கொண்டு போன இயக்க ஆற்றல் ½ × 10 × 2 × 2 = 20 ஜூல். இன்னொருவர் ஒவ்வொரு வினாடியும் 40 கிலோகிராம் நீரை, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மெதுவாகத் தள்ளுகிறார். உந்துவிசை 40 × 0.5 = 20 நியூட்டன்; முன்னதே. ஆனால் நீர் எடுத்துக்கொண்ட ஆற்றலோ ½ × 40 × 0.5 × 0.5 = 5 ஜூல் மட்டுமே!

உந்துவிசை ஒன்றுதான், வீணான ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. குறைந்த நீரை விரைவாகத் தள்ளுவதைவிட, நிறைந்த நீரை மெதுவாகத் தள்ளுவது சிக்கனமானது. கால்துடுப்பின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அகன்ற இதழ் ஒவ்வொரு உதைக்கும் அதிக நீரைத் தழுவுகிறது. எனவே அடிக்கடி உதைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இதழை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போகக் கூடாது. காரணம் நீரில் இல்லை, நம் தசையில் இருக்கிறது. செங்குத்தான மேட்டில் சைக்கிள் மிதிப்பவரைப் பாருங்கள். மிதிகட்டை அசைய மறுக்கிறது; தொடை நடுங்குகிறது; வண்டி நகராவிட்டாலும் களைப்பு மட்டும் வருகிறது. தசை ஓரளவு விசையுடன், ஓரளவு வேகத்தில் சுருங்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். அளவுக்கு மீறிப் பெரிய, விறைப்பான இதழைப் பூட்டினால் கால் அந்த மேட்டுச் சைக்கிள்காரரின் நிலையை அடைகிறது. சிறிது நேரத்தில் கெண்டைக்காலில் பிடிப்பு வந்துவிடும். ஆகவே சிறந்த துடுப்பு என்பது நீருக்கும் தசைக்கும் இடையே செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. தசை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எல்லோருக்கும் சிறந்த துடுப்பு என ஒன்று இருக்க முடியாது.

துடுப்பு உண்மையில் தருவது என்ன?

2002-ஆம் ஆண்டில் இத்தாலியின் பாவோலா சம்பாரோவும், அமெரிக்காவின் டேவிட் பெண்டர்காஸ்ட்டும், அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீர்ப்பரப்பில் காலால் உதைத்து நீந்துவோர், துடுப்புடனும் துடுப்பின்றியும் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றனர் என அவர்கள் அளந்தனர். ஒரே வேகத்தில் நீந்தும்போது, துடுப்பு அணிந்தவர்க்கு ஆற்றல் செலவு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. உதையின் அகலம் 10 விழுக்காடு அளவே குறைந்தது. ஆனால் உதைகளின் எண்ணிக்கை 40 விழுக்காடு குறைந்தது. காலை மேலும் கீழும் அசைப்பதற்கே ஆகும் வேலை 75 விழுக்காடு குறைந்தது.

இனி, இதே ஆய்வின் மற்றொரு முடிவைக் கவனியுங்கள். ஒரே அளவு ஆற்றலைச் செலவிட்டால் துடுப்பு அணிந்தவர் எவ்வளவு வேகமாகச் செல்கிறார்? வினாடிக்குச் சுமார் 0.2 மீட்டர்தான் கூடுதல். அதாவது ஒரு சாண் அளவு!

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் துடுப்பின் உண்மைப் பயன் விளங்கும். துடுப்பு நமக்குத் தருவது பெரும் வேகமன்று, பெரும் சேமிப்பு. ஆனால் துடுப்பை விற்பவர்கள் சேமிப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

துடுப்பு வந்த வழி

பண்டைய முக்குளிப்போர் துடுப்பில்லாமலே கடலடிக்குச் சென்று வந்தனர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர் கனத்த கல்லின் துணையால் விரைந்து இறங்கினர். மேலே இருப்பவர் கயிற்றைப் பிடித்து இழுக்க மேலே வந்தனர். இறங்குவதற்குக் கல், ஏறுவதற்குக் கயிறு. கடலடியில் செலவிடக் கிடைத்த அந்த ஒரு மூச்சைச் சிப்பி பொறுக்குவதற்கே வைத்துக்கொண்டனர். மூச்சைச் சேமிக்க வேண்டும் என்ற அறிவு துடுப்பைவிடப் பழமையானது.

துடுப்பைச் செய்து பார்த்தவர்களுள் நாம் நன்கு அறிந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியைக் கண்டறிந்த அதே பிராங்க்ளின்தான். சிறுவனாயிருந்தபோது, ஓவியர் வண்ணம் குழைக்கும் பலகையைப் போல இரண்டு நீள்வட்டப் பலகைகள் செய்து, கட்டைவிரலுக்குத் துளையிட்டு, கைகளில் பிடித்து நீந்தினார். அவை சுமார் 25 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்டவை. வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு களைத்தது. பாதத்திற்கும் ஒருவகை மிதியடியைப் பொருத்திப் பார்த்தார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீந்தும்போது உதையின் ஒரு பகுதி உள்ளங்காலால் மட்டுமன்றி, பாதத்தின் உட்புறத்தாலும் கணுக்காலாலும் தரப்படுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். செய்தவரே தம் கருவியின் குறையைக் கண்டு, காரணத்தையும் கூறினார். துடுப்புகளின் முதல் திறனாய்வாளர்களுள் அவரும் ஒருவர் எனலாம்.

இன்றைய ரப்பர்த் துடுப்பின் தந்தை, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கொர்லியு. இவர் 1933-இல் தம் 'நீச்சல் உந்திகளுக்கு'க் காப்புரிமை பெற்றார். 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில், கொர்லியுவிடம் உரிமம் பெற்று 1940-இல் அமெரிக்காவில் துடுப்புகளைத் தயாரிக்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு நீரடிப் படையினர் இவற்றை அணிந்தனர். 'தவளை மனிதர்' என்ற பெயர் அவர்களுக்கு வந்தது இந்தக் காலடியால்தான். 1943-இல் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் வேண்டும்போது மட்டும் காற்றுத் தரும் சுவாசக் கருவியை உருவாக்கினர். அதன்பின் துடுப்பு போர்வீரனிடமிருந்து பொதுமக்களின் காலுக்கு வந்து சேர்ந்தது.

மூன்று படைப்புகள்

இன்று கடைகளில் காணும் எண்ணற்ற வகைகளும் மூன்று குடும்பங்களுள் அடங்கும். ஒவ்வொன்றையும் அதன் நிறை குறைகளுடன் நோக்குவோம்.

முதலாவது, கனத்த குட்டை ரப்பர்த் துடுப்பு. 1964-இல் பிரான்சின் ஜார்ஜ் புஷா வெளியிட்ட 'ஜெட்பின்' இதன் முன்மாதிரி. பின்னர் ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் பெயரில் உலகெங்கும் பரவியது. இதழின் அடிப்பகுதியில் சில திறப்புகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் பீறிட்டுப் பாய்ந்து, ஜெட் போல நம்மை உந்தும் என்று சொல்லப்பட்டது. இந்த வாதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். குறுகிய வழியில் நீர் வேகமாகப் பாயும் என்பது உண்மை. ஆனால் அங்கே வேகம் கூடும்போது அழுத்தம் குறைகிறது. புதிய ஆற்றல் எதுவும் பிறப்பதில்லை. ஆற்றலைத் தருவது கால் ஒன்றுதான். திறப்புகளால் காலுக்கு ஏற்படும் தடை சிறிது குறையலாம். அதற்கு மேல் அவற்றிடம் மாயம் ஏதுமில்லை.

விளம்பரத்தின் வாதம் நலிவானது. துடுப்போ நலிவானதன்று! அறுபது ஆண்டுகள் கடந்தும் இக்குடும்பம் நிலைத்திருப்பதற்குக் காரணம் வேறு. இது விறைப்பானது, காலின் சிறு அசைவும் நீருக்கு உடனே போய்ச் சேர்கிறது. நின்ற இடத்திலேயே திரும்பலாம், பின்னோக்கியும் நகரலாம். மூழ்கிய கப்பல்களுக்குள்ளும் நீரடிக் குகைகளுக்குள்ளும் செல்வோர் இதையே விரும்புகின்றனர். அங்கே மேலும் கீழும் உதைத்தால் வண்டல் கிளம்பிக் கண்ணை மறைக்கும். வழி தெரியாமற் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே அவர்கள் முழங்காலை மடித்து, பாதங்களைப் பக்கவாட்டில் விரித்துச் சேர்க்கும் தவளை உதையைக் கையாள்கின்றனர். அதற்குக் குட்டையான விறைத்த இதழே ஏற்றது. குறைகளும் உண்டு. கனம் அதிகம், வலுவற்ற காலைக் களைக்கச் செய்யும், விமானப் பயணத்தில் சுமை.

இரண்டாவது, பிளவுத் துடுப்பு. இது 1990-களின் இறுதியில் பரவியது. இதழின் நடுவே நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். உதைக்கும்போது இரு பாதிகளும் சற்றே முறுக்கிக்கொண்டு, இரு சிறு இறக்கைகளைப் போலச் செயல்படுகின்றன என்பது இதன் தத்துவம். காலுக்கு எதிர்ப்பு குறைவாக இருப்பதால் சிறு சிறு உதைகளை விரைவாகத் தரலாம். மூட்டுவலி உடையோர்க்கும், கெண்டைக்கால் பிடிப்புக்கு ஆளாவோர்க்கும் இது ஒரு நன்கொடை. இதைக் கேலி செய்யும் மூத்த முக்குளிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். ஆனால் தவளை உதைக்கும், பின்னோக்கி நகர்வதற்கும், நுட்பமான திருப்பங்களுக்கும் இது உதவாது. எளிதில் வளைவது எதுவோ அது எளிதில் ஆணையை ஏற்பதில்லை. பிளவில் கயிறு சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, நெடுந்துடுப்பு. மொத்த நீளம் ஒரு மீட்டரை நெருங்கும். சிலிண்டர் இல்லாமல் மூச்சை அடக்கி ஆழம் செல்வோருக்காக உருவானது. இதழ் பிளாஸ்டிக், கண்ணாடி இழை, கார்பன் இழை ஆகியவற்றால் ஆனது. ஒரே மூச்சில் இறங்கி ஏற வேண்டியவர்க்கு ஒவ்வொரு உதையும் கணக்கு. நீண்ட இதழ் மெல்ல வளைந்து மீளும்போது அதிக நீரை மெதுவாகத் தள்ளுகிறது. நம் கணக்கில் கண்ட சிக்கனம் இங்கே முழுமை பெறுகிறது. அழகிய படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை அப்படியே ஸ்கூபா முக்குளிப்பிற்குக் கொண்டுவந்தால் அழகு தொல்லையாகும். பவளப்பாறை இடுக்கில் திரும்பும்போது தன் கால் எங்கே முடிகிறது என்பதே அணிந்தவருக்குத் தெரியாது. முக்குளிப்போர் பவளத்தில் மோதும் நிகழ்ச்சிகளைக் கணக்கிட்ட ஆய்வுகளில், துடுப்பு படுவதே பெரும்பாலானதாகக் காணப்பட்டுள்ளது. மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பவளக்கிளையை முறிக்க ஓர் உதை போதும்.

வேகப் பட்டியலின் குறை

இம்மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எது வேகமானது எனச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. குறிப்பிட்ட தொலைவை முழுப் பலத்துடன் நீந்தச் செய்து, நேரத்தைக் குறித்து, பட்டியல் இடுகிறார்கள். பட்டியலின் முதலிடம் விற்பனையின் முதலிடமாகிறது. இம்முறையில் மூன்று பெருங்குறைகளைக் காண்கிறேன்.

முதற்குறை: நீந்தியவரின் கால் உங்கள் கால் அன்று. பயிற்சி பெற்ற வலிய தொடைக்கு முதலிடம் பெற்றுத் தந்த விறைத்த துடுப்பு, உங்களை 10 நிமிடத்தில் முடக்கிவிடலாம்.

இரண்டாவது: யாரும் முழு வேகத்தில் முக்குளிப்பதில்லை. நிதானமாக நீந்தும் ஸ்கூபா முக்குளிப்பவர் வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறார். ஏன் வேகமாகப் போவதில்லை? நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேண்டிய திறனோ மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். கால் பங்கு வேகம் கூட்டுவதற்கே ஏறக்குறைய இரு மடங்கு திறன் தேவை. சைக்கிள் வாங்க வந்தவரிடம் பந்தயக் குதிரையின் வேகத்தைச் சொல்லி என்ன பயன்?

மூன்றாவது குறையே பெரியது. வேகப் பட்டியல், வேகத்திற்காகக் கொடுத்த விலையை எழுதுவதில்லை. அந்த விலை மூச்சு.

மூச்சின் கணக்கு

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால், மேற்பரப்பின் கணக்குப்படி அதில் 2400 லிட்டர் காற்று இருக்கும். அவசரத்திற்கென 50 பார், அதாவது 600 லிட்டரை ஒதுக்கினால் மிச்சம் 1800 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு; எனவே ஒவ்வொரு மூச்சும் மூன்று மடங்கு காற்றை இழுக்கும். அமைதியாக நீந்தி, மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்திற்கு 15 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 45 லிட்டர் செலவிடுவார். 1800 லிட்டர் அவருக்கு 40 நிமிடம் வரும். கால்கள் கடுமையாக உழைத்து, சுவாசம் 30 லிட்டராக உயர்ந்தால் செலவு 90 லிட்டர். காற்று 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பாதி நேரம் போய்விட்டது! அதுவும் காற்றின் கணக்கு மட்டுமே. ஆழத்தில் காற்று அடர்த்தியாகிறது. அதை உள்ளிழுத்து வெளிவிடுவதே ஒரு வேலை. உழைக்கும் தசைகள் பெருக்கும் கரியமில வாயுவை நுரையீரல் போதிய விரைவில் வெளியேற்ற இயலாமற் போனால், மூச்சு முட்டுவது போன்ற உணர்வும் தலைவலியும் பதற்றமும் தோன்றும். சிலிண்டரில் காற்று இருந்தும் காற்று இல்லாதது போலத் தவிப்பு உண்டாகும். நீரடியில் பதற்றத்தைவிடப் பெரிய பகை வேறில்லை.

'வேகமான துடுப்பு இருந்தால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தலாமே' என்று சிலர் வாதிடுவர். ஒரு நாட் நீரோட்டம் என்பது வினாடிக்குச் சுமார் அரை மீட்டர். நாம் நிதானமாக நீந்தும் வேகம் முழுவதையும் அது விழுங்கிவிடும். எந்தத் துடுப்பும் இந்தக் கணக்கை மாற்றாது. நீரோட்டத்திலிருந்து காப்பது அதன் நேரத்தை அறிந்து இறங்குவதும், கடலடியை ஒட்டி மெதுவாக நகர்வதும், வேண்டுமானால் அதனுடனே போய்ப் படகை வரவழைப்பதுமே. வேகமான துடுப்பு தரும் தவறான தைரியம் மெதுவான துடுப்பைவிட ஆபத்தானது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

குறை கூறியதோடு நிறுத்துவது முறையாகாது. துடுப்பு வாங்க நீங்கள் ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். எதை முதலில் பார்க்க வேண்டும்?

இதழைப் பார்க்காதீர்கள், பாதக்கூட்டைப் பாருங்கள். உலகின் மிகச் சிறந்த இதழும் பொருந்தாத கூட்டில் பயனற்றது. கூட்டில் இரு வகை உண்டு. குதிகாலையும் மூடும் வகை, வெறுங்காலில் அணிவது. வெதுவெதுப்பான கடலுக்கும் படகிலிருந்து இறங்குவோர்க்கும் ஏற்றது. குதிகால் திறந்து, பின்னே பட்டை கொண்ட வகை, நியோப்ரீன் காலணியின் மேல் அணிவது. குளிர்ந்த நீருக்கும், பாறைக் கரையில் நடந்து இறங்குவோர்க்கும் ஏற்றது. இரண்டாம் வகையை வாங்குவோர் அந்தக் காலணியை அணிந்துகொண்டே அளவு பார்க்க வேண்டும். விரல்கள் நெரியக் கூடாது. பாதத்தின் வளைவில் வலி கூடாது. காலை உதறினால் குதிகால் ஆடக் கூடாது. கடையில் சிறிதாக உறுத்துவது கடலில் புண்ணாகும். பட்டை கம்பிச்சுருளால் ஆனதாக இருந்தால் ஈரக்கையாலும் எளிதில் மாட்டலாம்; அறுந்துபோகும் அச்சமும் குறைவு.

அடுத்து, உங்கள் காலைப் பாருங்கள். தொடர்ந்து நீந்திப் பழகிய கால் ஓரளவு விறைத்த இதழைத் தாங்கும். புதியவர்க்கும், நாள் முழுதும் அமர்ந்து வேலை செய்வோர்க்கும், மூட்டுவலி உள்ளோர்க்கும் நெகிழ்ந்த இதழே நல்லது. கூடுமானால் வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, ஒரு குளத்தில் அரைமணி நேரம் நீந்திப் பாருங்கள். முதல் 5 நிமிடத்தில் எல்லாத் துடுப்பும் நன்றாகவே இருக்கும். இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, துடுப்பின் எடையைப் பாருங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ரப்பர்த் துடுப்பு நீரில் மூழ்கும். சில பிளாஸ்டிக் துடுப்புகள் மிதக்கும். காற்று அடைத்த உலர் உடை அணிவோர்க்குக் கால்கள் மேலே மிதக்கும். அவர்களுக்குக் கனத்த துடுப்பு சமன் தரும். மெல்லிய உடையணிந்து வெப்பக் கடலில் இறங்குபவர்க்கு அதே கனம் காலைக் கீழே இழுத்துவிடலாம். கால் தாழ்ந்தால் உடல் சாய்கிறது; சாய்ந்த உடல் நீருக்கு அதிகப் பரப்பைக் காட்டுகிறது; தடை பெருகுகிறது. இதழின் நுட்பங்களால் கிடைத்த சிறு ஆதாயம், உடல் சாய்வதால் முழுவதும் தொலைந்துபோகும். கடலடிக்கு இணையாகக் கிடைநிலையில் நீந்தக் கற்றவருக்குச் சாதாரணத் துடுப்பும் சிறப்பாகப் பயன்படும். சாய்ந்தே நீந்துபவருக்கு எத்துணை விலையுயர்ந்த துடுப்பும் பயன்படாது.

நான்காவதாக, இறங்கப்போகும் இடத்தையும் செய்யப்போகும் வேலையையும் எண்ணுங்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை ஆராய இறங்கும் கடல் உயிரியல் மாணவர் ஓரிடத்தில் நிலையாக நின்று எண்ண வேண்டும்; குறித்துக்கொள்ள வேண்டும்; பவளத்தைத் தொடக் கூடாது. அவருக்கு வேண்டியது குட்டையான, ஆணைக்குக் கட்டுப்படும் இதழ். அந்தமானின் தெளிந்த நீரில் மீன்களைக் கண்டு மகிழ நிதானமாக உலவுபவர்க்கு நெகிழ்ந்த நடுத்தர இதழ் போதும்.

வண்ணத்தை இறுதியாகப் பாருங்கள். அதுவும் பயனற்றதன்று, கலங்கிய நீரில் துணைவரின் மஞ்சள் துடுப்பு நமக்கு அடையாளம். ஆனால் வண்ணத்தில் தொடங்கி அளவில் முடிப்பவர் பணத்தையும் காலையும் ஒருங்கே வருத்துகிறார்.

முடிவாக

துடுப்புகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வேறுபாடு உண்டு, அதை அளக்கும் கோல்தான் பிழையானது. பந்தய நீச்சல்காரனுக்கு வேகம் அளவுகோலாக இருக்கட்டும். காற்றைச் சுமந்து நீரடிக்குச் செல்பவனுக்கு அளவுகோல் வேறு: இந்தத் துடுப்பு என்னிடம் எவ்வளவு மூச்சைக் கேட்கிறது? நான் நினைத்த இடத்தில் என்னை நிறுத்துகிறதா? கரை சேரும்போது என் காலில் வலு மிச்சம் இருக்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை தரும் துடுப்பே உங்களுக்குச் சிறந்த துடுப்பு. அது பட்டியலில் பத்தாவது இடத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். பட்டியலைத் தயாரித்தவர் உங்கள் காலைப் பார்த்ததில்லை.